தார் எழுத்துள்ள தகரம்

யார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். பழைய சாமான் கிடங்கில் இருந்த இத்தனை ஆண்டுகளில் நான் எழுதியதெல்லாம் சாமான்களில் கட்டும் சீட்டுகள்தான். 'கதவு இரண்டு, ஒன்றில் கீல் இல்லை' என்பதற்கு மேல் நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. எனக்கு வைத்த பிரிவு விருந்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றேன். 'நன்றி' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, அங்கே சொல்லாமல் விட்டது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

உங்களில் ஒருவர் ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் நின்று பேசியது எனக்குக் கேட்டது. "பழைய தகரம்தானே? எங்கேருந்து வந்துச்சு, யார் கொடுத்தாங்கன்னு அன்னம் அக்கா ஏன் இந்தக் கேள்வி கேட்குது? போலீஸ்ல இருக்க வேண்டிய ஆளு." சிரிப்பும் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பதில் சொல்லவில்லை. பதில் கொஞ்சம் பெரியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. மலாக்காவில், கஜா பெராங்கில் ஒரு சந்தில் வாடகை அறையில் இருந்தோம். என் கணவர் பரமசிவம் லாரியில் உதவியாளாக வேலை பார்த்தவர். லாரியை ராணுவம் எடுத்துக்கொண்டதும் வேலை போய்விட்டது. வேலை இல்லாத ஆண்களைத்தான் அப்போது தேடித் தேடிப் பிடித்தார்கள். காலையில் ஒரு லாரி வரும். தெருவில் நடந்துபோகும் ஆளை நிறுத்தி ஏற்றுவார்கள். சயாம் நாட்டில் ரயில்பாதை போட ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் சந்தின் முதல் வீட்டு மாணிக்கம் மீன் வாங்கப் போனவர். பை மட்டும் யாரோ கொண்டுவந்து அவர் மனைவியிடம் கொடுத்தார்கள்.

தப்ப ஒரு வழி இருந்தது. உணவுப் பயிர் போடும் தோட்டம் என்று அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டால், அதில் வேலை செய்யும் ஆளுக்கு ஒரு துணிப் பட்டை தருவார்கள். அதைச் சட்டையில் தைத்துக்கொண்டவரை லாரிக்காரர்கள் விட்டுவிடுவார்கள். பக்கத்தில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பில், பிபிக் என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் அம்மா, தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் மரவள்ளி போட எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார். குச்சிகள் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன. பதிவுக்குப் போனபோது அலுவலகத்தில் ஒரு சிறு மூட்டை சோள விதையைக் கையில் கொடுத்துச் சொன்னார்கள்: "ஆறாம் நாள் அதிகாரி வந்து பார்ப்பார். கருவிகளும் விதையும் நனையாமல் வைக்கக் கொட்டகை இருக்க வேண்டும். கொட்டகை இல்லாவிட்டால் அது தோட்டம் இல்லை. விதை கெட்டுப்போனால் அது குற்றம்."

கொட்டகை கட்டக் கையில் எதுவுமே இல்லை. கூரைக்குப் போடும் அத்தாப்பு ஓலை முடையும் ஆட்கள் புக்கிட் பாரு பக்கம் இருந்தார்கள். முடைந்ததையெல்லாம் ராணுவமே எடுத்துக்கொண்டது. கடையில் ஆணி என்ற பொருளே இல்லை.

"தெருவுல கிடக்குறதைப் பொறுக்கித்தான் கட்டணும்" என்றார் என் கணவர். "ஆனா நான் தெருவுல கால் வெச்சா நேரா சயாம்தான்."

"நான் போறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்து அறையில் உப்புக் கேட்கவே அவரை அனுப்புகிறவள் நான்.

முதல் நாள் காலை கம்போங்கில் மூன்று வீட்டு வாசலில் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. நின்றுவிட்டுத் திரும்பினேன். வேலி ஓரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் பிபிக். அவர் பேச்சு மலாய். நடுநடுவே சில தமிழ்ச் சொற்கள் விழும். அவர் சொன்னதை நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அலாமா! வாசல் வாசலா நின்னுட்டு வரியே, நீ என்ன தபால்காரனா? என்ன வேணும் உனக்கு?"

சொன்னேன். அவ்வளவுதான். அவர் வேலி மேல் கை வைத்துக்கொண்டு கம்போங் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "இந்தப் பொண்ணுக்குப் பலகை வேணுமாம்! பழைய ஆணி வேணுமாம்! சும்மா வெச்சிருக்கிறவங்க கொடுங்க! கொடுக்கலேன்னா இவ புருஷனை லாரி தூக்கிட்டுப் போயிடும்!"

வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் நாலு வீட்டுப் பின்கதவு திறந்தது. ஒரு வீட்டில் உடைந்த குளியலறைக் கதவு கிடைத்தது. இன்னொரு வீட்டில் தேயிலைப் பெட்டியின் பலகைகள் கொடுத்தார்கள். பிபிக்கே தன் விழுந்துபோன கோழிக்கூண்டின் நிபோங் கம்புகளைக் காட்டினார். அந்தப் பனை ஜாதிக் கம்பு மண்ணில் சீக்கிரம் மக்காது. பலகையிலிருந்து பிடுங்கிய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்கினோம். கட்டிப் பால் தகரக் குவளை ஒன்று பாதி நிரம்பியது. என் கணவர் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேலியோரமாகவே ஒளிந்து போய்வந்து வேலை செய்தார்.

மூன்றாம் நாள் சுவர் நின்றுவிட்டது. கூரைதான் இல்லை.

கஜா பெராங் சாலையில் மீரான் எண்ணெய்க்கடை வைத்திருந்தார். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். சண்டை வந்த முதல் வாரத்தில் கடையைச் சூறையாடிவிட்டார்கள். முன்புறச் சாய்ப்பு சரிந்து, நெளிதகரங்கள் கடைக்குப் பக்கத்தில் அடுக்காகக் கிடந்தன. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். அன்று கடைக்குள் போனேன். நானா காலிப் பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தார்.

"எண்ணெய் இல்லே தங்கச்சி. பீப்பாயை மோந்து பார்த்துட்டுப் போகலாம், அது இலவசம்."

நான் தகரத்தைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே வந்து ஒரு தகரத்தைக் காலால் புரட்டினார். மேல்பக்கம் தாரால் பெரிதாகக் கடைப் பெயர் எழுதியிருந்தது. தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி.

"எடுத்துக்கிட்டுப் போ. எனக்கு இதைத் தூக்கி வைக்க ஆள் இல்லே. ஆனா ஒண்ணு. இந்தப் பேரு வெளியே தெரியக் கூடாது. போன வாரம்தான் என்னைக் கூப்பிட்டு, சாமான் பதுக்கி வெச்சிருக்கியான்னு கேட்டாங்க. எம் பேரை அவங்க மறந்துட்டா எனக்கு நல்லது."

"தெரியாம வெச்சுக்கிறேன் நானா" என்றேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். அதைக் காப்பாற்றுவதும் சுலபம் என்று நினைத்தேன். பிபிக்கின் கை வண்டியில் எட்டுத் தகரத்தை ஏற்றி, மேலே மரவள்ளி இலையைப் போட்டு மூடிக் கொண்டுவந்தேன். கூரையில் எழுத்துப் பக்கம் கீழே வரும்படி புரட்டிப் போடச் சொன்னேன். அடிப்பக்கம் துரு இல்லாமல் பளபளப்பாகவும் இருந்தது. மேலே வந்ததும் கொட்டகை புதிதுபோல ஆகிவிட்டது. பிபிக் வந்து பார்த்து, "என் வீட்டைவிட நல்லா இருக்கே. நான் இங்கே குடிவந்துடறேன், நீ என் வீட்டுக்குப் போ" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விதை மூட்டையை உள்ளே வைத்தேன். மண்வெட்டிகளைச் சுவரில் சாய்த்தேன். நாலாம் நாளே முடித்துவிட்டோம் என்று அன்று பிபிக் கொடுத்த மரவள்ளிக் கிழங்கோடு தேங்காய் துருவிச் சாப்பிட்டோம்.

ஐந்தாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது.

மலாக்கா மழை உங்களுக்குத் தெரியும். நான் கொட்டகைக்குள்தான் இருந்தேன். முதலில் ஒரு சொட்டு தோளில் விழுந்தது. பிறகு வரிசையாக, சல்லடை போல. விதை மூட்டையை மடியில் தூக்கி வைத்துக் குனிந்து முதுகால் மறைத்தேன். அப்படியே ஓடிப்போய் பிபிக் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துக் கொட்டினோம். ஓரத்தில் இருந்த விதை மட்டும் நனைந்திருந்தது. மீதி பிழைத்தது.

நாங்கள் செய்த தவறு இதுதான். நெளிதகரத்தில் மேடும் பள்ளமும் உண்டு. ஆணியை மேட்டில்தான் அடிப்பார்கள். தண்ணீர் பள்ளத்தில் ஓடிவிடும். பழைய தகரத்தில் பழைய ஆணி ஓட்டைகளெல்லாம் மேட்டில் இருக்கும். அதைப் புரட்டிப் போட்டால் மேடு பள்ளமாகிவிடும். ஓட்டைகளெல்லாம் தண்ணீர் ஓடும் வழியில் வந்து உட்காரும். லாரி உதவியாளுக்கும் ஆறாம் வகுப்புக்காரிக்கும் இது எப்படித் தெரியும்? யார்டில் தகரம் அடுக்கும் ஒவ்வொருவரிடமும் மேல்பக்கத்தைச் சுண்ணாம்பால் குறிக்கச் சொல்வேனே, அந்தப் பழக்கம் அன்று வந்ததுதான்.

மழை நின்றதும் என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புரட்டிடலாம். தார் எழுத்தைச் செங்கல்லால சுரண்டிட்டா யாருக்கும் தெரியாது. கேட்டா ஆத்தோரம் கிடந்துச்சுன்னு சொல்லிக்கலாம்."

செங்கல்லையும் எடுத்துவிட்டார். ஒரு எழுத்தின் ஓரத்தைச் சுரண்டினார். தார் போயிற்று. அதன் அடியில் வெயில் படாத தகரம் அதே எழுத்தின் வடிவில் வெள்ளையாக மின்னியது. கறுப்பு எழுத்து வெள்ளை எழுத்தாகிவிட்டது. கூடவே சுரண்டிய கீறலும் தெரிந்தது.

சுரண்டினால் பெயரும் போகாது. திருடிய சாமான் என்று நாமே எழுதி வைத்த மாதிரியும் ஆகிவிடும். எழுத்தோடு புரட்டிப் போட்டால் நானாவுக்குக் கொடுத்த வாக்கு போகும். புரட்டாமல் விட்டால் விதை போகும், விதையோடு இவரும் போவார். அதிகாரி வர ஓர் இரவுதான் பாக்கி.

"நிறுத்துங்க" என்றேன். "அவரைக் கேட்காம ஒண்ணும் பண்ண வேணாம்."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு. அப்புறம் என்ன பண்ணுவே?"

ஆனாலும் போனேன். நம் வேலையில் இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்று கேட்காமலே செய்யத் தோன்றும். அப்போது கை வேகமாக வேலை செய்யும். கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

நானா கடை வாசலில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்றும் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சுரண்டிட்டீங்களா?"

"ஒரு எழுத்து ஓரம் மட்டும்."

"மேல சுரண்டாதீங்க. பேரு இருக்கிற வரைக்கும் அது என் சாமான். சுரண்டினா திருட்டுச் சாமான். அப்போ உன் புருஷனும் போவாரு, தேடி வந்து என்னையும் பிடிப்பாங்க." துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தார். "கூப்பிடாம நான் அங்கே வந்து நிக்க மாட்டேன் தங்கச்சி. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லே. ஆனா கேட்டாங்கன்னா உள்ளதைச் சொல்லு. கடைக்கு ஆள் அனுப்பச் சொல்லு. நான் இங்கேதான் இருப்பேன், எங்கேயும் போக மாட்டேன்."

திரும்பி வந்தபோது இருட்ட இரண்டு மணி நேரம் இருந்தது. அடுத்த தொல்லை ஆணி. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த ஆணியை மறுபடி பிடுங்கினால் தலை கழன்றுவிடுகிறது. பாதிக்கு மேல் கழன்றன. என் கணவர் குவளையைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிபிக் வீட்டுக்குள் போனார். கூடத்திலிருந்த ரோத்தான் பிரம்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். நல்ல நாற்காலி. பின்னல் ஒரு இடத்தில்தான் விட்டிருந்தது.

"அறு இதை. பிரிச்சுக் கட்டு. ஆணியில்லாட்டா கூரை நிக்காதா? படகெல்லாம் எதுல கட்டுறாங்க?"

"பிபிக், இது நல்ல நாற்காலி!"

"என் மருமகன் வந்தா உட்கார்ற நாற்காலி. அவன் வந்தா எழுந்து போக மாட்டேங்கிறான். இனிமே தரையில உட்காரட்டும்."

நாற்காலியைப் பிரித்தோம். ரோத்தானைத் தண்ணீரில் ஊறவைத்து, தகரத்தின் பழைய ஓட்டைகள் வழியாகவே விட்டுக் கம்போடு இறுக்கிக் கட்டினோம். ஓட்டை மேட்டில் இருந்ததால் அங்கே தண்ணீர் நிற்காது. மீதி ஓட்டைகளையும் நாங்கள் புதிதாக அடித்த ஓட்டைகளையும் பிபிக் கொடுத்த டாமார் பிசினை உருக்கி அடைத்தோம். என் கணவர் மேலே, நான் கீழே. இருட்டும்போது எட்டாவது தகரம் ஏறிவிட்டது. விடிந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. பாயில் உலர்ந்த விதையை மூட்டையாகக் கட்டி மறுபடி உள்ளே வைத்தேன். நானாவின் பெயர் மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். கூட மலாய் பேசும் துபாஷி ஒருவரும், துப்பாக்கி வைத்த ஒரு சிப்பாயும். நாங்கள் இடுப்பை வளைத்து வணங்கினோம். அவர் மரவள்ளியைப் பார்த்தார். கொட்டகைக் கம்பைக் கையால் தள்ளிப் பார்த்தார். அது ஆடவில்லை. உள்ளே போய் விதை மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். விதை காய்ந்திருந்தது. வெளியே வந்து பின்னால் நகர்ந்து கூரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. துபாஷியிடம் ஏதோ சொன்னார்.

"இந்தத் தகரம் யாருடையது?" என்று துபாஷி மலாயில் கேட்டார்.

என் கணவர் வாயைத் திறப்பது தெரிந்தது. ஆற்றோரம் கிடந்தது என்று சொல்லப்போகிறார். நாங்கள் மாட்டிக்கொள்ள அந்த ஒரு வார்த்தை போதும். எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. முந்திக்கொண்டு மலாயில் சொன்னேன்.

"எண்ணெய்க்கடை மீரானுடையது. அவர் எனக்குக் கொடுத்தார். அவர் கடையில் இருக்கிறார். ஆள் அனுப்பிக் கேளுங்கள்."

என் வாழ்க்கையில் அதுவரை நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அதிகாரி என்னைப் பார்த்தார். சிப்பாயைக் கடைக்கு அனுப்பினார்.

அந்தக் கால் மணி நேரத்தை எழுத எனக்குத் தெரியாது. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானா பின்வாசல் வழியாகப் போயிருக்கலாம். உஜோங் பாசிரில் அவருக்குத் தங்கை வீடு இருந்தது. போயிருந்தால் நான் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

வந்தார். சிப்பாய்க்கு முன்னால், தொப்பி போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு வந்தார். வணங்கினார்.

"உன் தகரமா?"

"ஆமாம். நான்தான் கொடுத்தேன்."

"ஏன் சும்மா கொடுத்தாய்?"

"என் கடையில் எண்ணெய் இல்லை. கூரை எதற்கு? இவர்கள் கிழங்கு போட்டால் எனக்கும் இரண்டு கிழங்கு கிடைக்கும்."

துபாஷி இதைச் சொல்லி முடித்தார். அதிகாரி கூரையிலிருந்த ஆங்கில எழுத்தை, அவர்களுக்கு அது எதிரியின் மொழி, காட்டி ஏதோ கத்திவிட்டு, நானாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். தொப்பி பாத்திக்குள் போய் விழுந்தது. அந்த எழுத்தைச் சேறு பூசி மூட வேண்டும் என்று துபாஷி சொன்னார். பிறகு அதிகாரி பையிலிருந்து துணிப் பட்டையை எடுத்து என் கணவரிடம் நீட்டினார். அவ்வளவுதான். காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் தொப்பியை எடுத்துத் தட்டி நானாவிடம் கொடுத்தேன். வந்த குரல் மறுபடி போய்விட்டது.

"இப்போ கூரை ஒழுகலேல்ல?" என்று கேட்டார் நானா, கன்னத்தைத் தடவிக்கொண்டே.

"இல்லே நானா."

"அப்போ சரி. முதல் கிழங்கு எனக்கு."

தம்பி தங்கைகளே, நம் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு சாமானிலும் யாரோ ஒருவர் பெயர் இருக்கிறது. தார் எழுத்தில் இருக்கலாம், பெயின்டில் இருக்கலாம், வெறும் பேச்சிலும் இருக்கலாம். சில பெயர்களுக்காக யாரோ அறை வாங்கியிருப்பார்கள். அதைச் சுரண்டாதீர்கள். கொடுத்தவர் யார் என்று சீட்டில் எழுதுங்கள். நான் கேட்ட கேள்விகளெல்லாம் இதற்குத்தான்.

அதிகாரி வந்துபோன மறுநாள் காலை லாரி எங்கள் சந்து முனையில் நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டது. என் கணவர் சட்டையில் பட்டையோடு அதைத் தாண்டி நடந்து தோட்டத்துக்கு வந்தார். அன்று மூன்று பாத்தி சோளம் ஊன்றினோம்.